வீகன் பொதுவழக்கானது எதனால்: பிரச்சாரமா, படங்களா, பொருளா?

#1 வெயிலோன்

சுமார் 400 பேர் மதியம் சாப்பிடும் ஒரு அலுவலக கேன்டீனில் ஒரு மாத வீகன் (இறைச்சி, மீன், முட்டை, பால் என விலங்குப் பொருள் எதுவும் இல்லாத உணவு) முயற்சிக்குத் திட்டம் தயாராகிறது. குழுவில் மூன்று கட்சி. ஒரு கட்சி ஆவணப்படம் திரையிட்டுத் தொடங்கலாம் என்கிறது. இன்னொன்று உறுதிமொழி, தினசரி மெயில் என்கிறது. மூன்றாவது கட்சி, எதையும் அறிவிக்காமல் மெனுவை மட்டும் மாற்றினால் போதும் என்கிறது.

எது எப்போது வேலை செய்தது, எது சறுக்கியது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீகன் சரியா தவறா என்ற சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

#2 தராசுமுள்

முதலில் "பொதுவழக்கு" என்பதை எதை வைத்து அளக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு அளவுகோல் இருக்கின்றன, இரண்டும் எதிரெதிர்ப் பதில் தருகின்றன.

தன்னை வீகன் என்று சொல்லிக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்பது முதலாவது. அமெரிக்காவில் கேலப் கருத்துக்கணிப்பில் 2012இல் 2%, 2018இல் 3%, 2023இல் 1%. சுமார் 1,000 பேரிடம் கேட்கும் கணிப்பில் இவ்வளவு சிறிய விகிதத்துக்கு முன்பின் ஒரு புள்ளி பிழை வரும். ஆகவே "வீகன்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள்" என்று எழுதுவதும் தவறு, "பெருகுகிறார்கள்" என்று எழுதுவதும் தவறு. கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது.

வீகன் பொருளை எப்போதாவது வாங்குபவர்கள், அதை விற்கும் இடங்கள் எத்தனை என்பது இரண்டாவது. இதுதான் கடந்த பதினைந்து ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. மேற்கத்திய நகரங்களில் ஓட்ஸ் பால் இல்லாத காபிக் கடையைத் தேட வேண்டியிருக்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் மறுநாள் முட்டை சாப்பிடுபவர்கள்தான்.

ஆக, கொள்கை பரவியதைவிட சாப்பாடு பல மடங்கு பரவியிருக்கிறது. உங்கள் கேன்டீன் இந்த இரண்டில் எதைக் குறிவைக்கிறது என்பதைப் பொறுத்து மற்றதெல்லாம் மாறும்.

#3 செந்நாரை

தராசுமுள் சொல்வது சரி. ஆனால் சாப்பாடு தானாகப் பரவவில்லை. பின்னால் நீண்ட அமைப்பு வேலை இருக்கிறது.

1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சிலரும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். முதல் செய்திமடல் சில பக்கங்கள்தான். பல பத்தாண்டுகள் அது சிறு வட்டமாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் செய்த இரண்டு வேலைகள் இன்றும் பலன் தருகின்றன.

ஒன்று, வரையறை. 1979இல் அறக்கட்டளையாகப் பதிவானபோது, விலங்குகளைச் சுரண்டுவதை "இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை" விலக்குவது என்று எழுதினார்கள். மருந்து உறையில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த ஒரு சொற்றொடர்தான் இன்றும் பதில்.

இரண்டு, 1990இல் வந்த வீகன் வணிகமுத்திரை, அந்தச் சூரியகாந்திச் சின்னம். கடைக்காரர் மூலப்பொருள் பட்டியலை வரி வரியாக ஆராய வேண்டிய தேவை அதோடு குறைந்தது.

அடுத்த பெரிய திருப்பம் 2014. ஜேன் லேண்ட், மேத்யூ குளோவர் இருவரும் பிரிட்டனில் வீகனுவரி தொடங்கினார்கள். "வாழ்நாள் முழுக்க மாறு" என்பது போய் "ஜனவரியின் 31 நாளும் முயன்று பார்" என்று ஆனது. முதல் ஆண்டு பதிவு செய்தவர்கள் சுமார் 3,300. 2019இல் 2.5 லட்சம், 2022இல் 6.2 லட்சத்துக்கு மேல்.

பதிவு எண்ணிக்கையைவிட முக்கியம், அந்தத் தேதி கடைகளுக்கு ஒரு காலக்கெடுவைத் தந்தது. புதுப் பொருளை ஜனவரி முதல் வாரத்தில் இறக்கினால் விளம்பரம் பாதி இலவசம். 2019 ஜனவரி 3 அன்று பிரிட்டனின் பேக்கரிச் சங்கிலியான கிரெக்ஸ் தன் வீகன் சாசேஜ் ரோலை இறக்கியபோது தொலைக்காட்சித் தொகுப்பாளர் பியர்ஸ் மோர்கன் ட்விட்டரில் திட்டினார். அந்தத் திட்டே விளம்பரமாகி ரோல் விற்றுத் தீர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே 20,000 கையெழுத்துக்கு மேல் சேர்ந்த ஒரு மனு இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனு, பொருள், தேதி, வம்பு என்ற வரிசையில்தான் அது நடந்தது. வம்பை மட்டும் நகலெடுக்கப் பார்த்த நிறுவனங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

#4 கடைசிப்பெஞ்சு

எல்லாம் சரி, ஆவணப்படம் இல்லாமல் இதில் பாதி நடந்திருக்காது. மனுவில் கையெழுத்துப் போட்டவன் எதைப் பார்த்துப் போட்டான்?

#5 தராசுமுள்

படங்கள் ஆட்களைக் கொண்டுவந்தன, மறுக்கவில்லை. 2005இல் எர்த்லிங்ஸ். வாக்கீன் ஃபீனிக்ஸ் குரலில், பண்ணைக் காட்சிகளைச் சமரசமின்றிக் காட்டியது. 2011இல் ஃபோர்க்ஸ் ஓவர் நைவ்ஸ் உடல்நலப் பாதையைப் பிடித்தது. 2014இல் கவ்ஸ்பிரசி சூழலைப் பிடித்தது, 2015இல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வீடுகளுக்குள் போனது. 2018இல் ஆஸ்திரேலியாவின் டொமினியன். படம் வெளியான ஓராண்டு நிறைவில், 2019 ஏப்ரல் 8 அன்று, மெல்பர்ன் மையச் சந்திப்பை ஆர்வலர்கள் மறித்தார்கள். தி கேம் சேஞ்சர்ஸ் விளையாட்டு வீரர்களைக் காட்டி, இறைச்சியோடு ஆண்மையைக் கட்டிவைத்திருந்த முடிச்சில் கைவைத்தது.

சிக்கல், திரையிட்ட மறுநாள் வரும். கூட்டத்தில் ஒருவர் எண்களைச் சரிபார்த்துவிட்டு வருவார்.

கவ்ஸ்பிரசியின் முதுகெலும்பு "பசுமைக்குடில் வாயுவில் 51% கால்நடையால்" என்ற எண். அது 2009இல் வேர்ல்டுவாட்ச் இதழில் குட்லேண்டும் அன்ஹாங்கும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதில் கால்நடைகள் மூச்சுவிடும் கார்பன் டை ஆக்சைடையே சுமார் 880 கோடி டன் என்று சேர்த்திருந்தார்கள். அந்தக் கார்பன், தீவனப் பயிர் காற்றிலிருந்து சமீபத்தில் எடுத்ததுதான், சுழற்சியில் திரும்பிப் போகிறது. அதனால் மற்றவர்கள் அதைக் கூட்டுவதில்லை. ஐநா உணவு வேளாண் அமைப்பு 2013இல் சொன்னது 14.5%.

வாட் தி ஹெல்த் படத்தில் தினம் ஒரு முட்டை ஐந்து சிகரெட்டுக்குச் சமம் என்று ஒரு வரி வரும். அதைச் சொல்லி ஒரு மருத்துவரை நம்பவைக்க முயன்று பாருங்கள்.

படம் போடுவதென்றால் படத்தின் எண்ணைத் துண்டறிக்கையில் போடாதீர்கள். பூர், நெமச்செக் 2018இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வை எடுங்கள். 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவு. உணவுத் துறை முழுவதும் சேர்ந்து மனித உமிழ்வில் 26%. விலங்குப் பொருள்கள் இல்லாத உணவுமுறைக்கு உலகம் மாறினால் உணவுக்கான நிலத் தேவை சுமார் 76% குறையும். உண்மை எண்ணே போதுமான அளவு பெரியது, ஊதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

#6 கடைசிப்பெஞ்சு

அப்போ நெட்ஃபிளிக்ஸில் வந்த அந்த இரட்டையர் தொடர்? அது ஸ்டான்ஃபோர்டு ஆய்வுதானே, அதையுமா குறை சொல்வீர்கள்?

#7 தராசுமுள்

ஆய்வு நல்ல ஆய்வு. 22 ஜோடி ஒத்த இரட்டையர், 8 வாரம், ஒருவர் வீகன், மற்றவர் அனைத்துண்ணி. முதல் 4 வாரம் சாப்பாடு வீட்டுக்கே வந்தது. எல்டிஎல் ("கெட்ட") கொழுப்பு வீகன் பக்கம் சராசரியாக 110.7இலிருந்து 95.5 ஆனது, மறுபக்கம் 118.5இலிருந்து 116.1. கட்டுரை 2023 நவம்பரில், நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2024 ஜனவரியில். மாதத்தைக் கவனியுங்கள், வீகனுவரி நடக்கும் மாதம்.

ஆய்வு சொல்வது அவ்வளவுதான்: எட்டு வாரத்தில் எல்டிஎல் குறைந்தது. தொடர் அதன்மேல் ஏற்றிய ஆயுள் நீட்டிப்புப் பேச்சை 44 பேர் தாங்க மாட்டார்கள். வீகன் குழு எடையும் கொஞ்சம் கூடுதலாக இழந்தது, அதன் பங்கு எவ்வளவு என்பதையும் தனியாகப் பிரிக்க வேண்டும்.

உடல்நலத்தை மட்டும் வைத்துப் பிரச்சாரம் செய்தால் எதிர்ப்பக்க ஆய்வையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஈபிக்-ஆக்ஸ்ஃபோர்டு (பிரிட்டனில் பல ஆண்டு தொடர்ந்து நடக்கும் உணவு, உடல்நல ஆய்வு), 2020: சுமார் 55,000 பேர், ஏறத்தாழ 18 ஆண்டு. இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு ஆபத்து 43% அதிகம், இடுப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடைக் குறியீடு, கால்சியம், புரதம் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. இதற்கு நடைமுறைப் பதில் இருக்கிறது, ஆனால் அது தெரியாதவர் மேடையேறக் கூடாது.

#8 அவரைக்கொடி

பிரச்சாரம், படம் இரண்டையும் பேசிவிட்டீர்கள். நாக்குக்குப் பொருந்தும் பொருள் வராமல் இதில் எதுவும் நிலைத்திருக்காது. சோயா பால் 1965லேயே பிரிட்டனில் விற்பனைக்கு வந்துவிட்டது. அரை நூற்றாண்டு காபியில் திரிந்துகொண்டே இருந்தது.

ஏன் திரிகிறது? காபி அமிலம், சூடும் அதிகம். தாவரப் புரதம் அதன் சமமின்புள்ளிக்கு (புரதத்தின் மின்னூட்டம் சமனாகும் அமில அளவு) அருகே போனால் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டுத்திட்டாகிவிடும். பாரிஸ்டா (காபிக் கடையில் காபி கலப்பவர்) வகை ஓட்ஸ் பாலில் டைபொட்டாசியம் பாஸ்பேட் சேர்ப்பது இதற்காகத்தான், அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும். கூடவே கனோலா எண்ணெய், நுரை நிற்பதற்கும் வாய் நிறைவுக்கும். சுவீடனின் ஓட்ஸ் பால் நிறுவனம் ஓட்லி அமெரிக்காவில் நுழைந்தபோது கடை அலமாரிக்குப் போகாமல் காபிக் கடைகளைப் பிடித்தது. பாரிஸ்டா ஊற்றித் தரும் முதல் கோப்பை திரியாமல் இருந்தது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 2018இல் தட்டுப்பாடே வந்தது.

பர்கர் பக்கம், இம்பாசிபிள் என்ற தாவர பர்கர் 2016இல் வந்தது. சோயா வேர்முடிச்சில் இருக்கும் லெக்ஹீமோகுளோபினை ஈஸ்டில் வளர்த்துச் சேர்க்கிறார்கள். வறுக்கும்போது வரும் இறைச்சி மணத்துக்கும் சிவப்புக்கும் அதுதான் காரணம். ஒப்புதலுக்காக எலிகளில் சோதித்தார்கள், அதனாலேயே பல வீகன்கள் அதைத் தொடுவதில்லை. பர்கர் கிங் 2019இல் அதை அமெரிக்கா முழுக்க விற்றபோது, இறைச்சி வாட்டும் அதே தட்டில் வாட்டுகிறார்கள் என்று வழக்கு வந்தது. 2020இல் தள்ளுபடியானது. ஆனால் "யாருக்காக இந்தப் பர்கர்?" என்ற கேள்விக்கு அந்த வழக்கே பதில். அது இறைச்சி உண்பவருக்காகச் செய்தது.

#9 தராசுமுள்

இதே பொருள்களின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். தாவர இறைச்சி நிறுவனமான பியாண்ட் மீட்டின் பங்கு 2019 மே மாதம் 25 டாலருக்கு வந்து முதல் நாளே 65ஐத் தாண்டியது, ஜூலையில் 230ஐத் தொட்டது. 2024 முடிவில் 4 டாலருக்கும் கீழ். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் சோதித்த மெக்பிளாண்ட் என்ற தாவர பர்கர் எடுபடவில்லை என்று 2024இல் அந்நிறுவனமே சொன்னது. ஒரு தடவை வாங்கிப் பார்த்தவர்கள் ஏராளம், திரும்ப வாங்கியவர்கள் போதவில்லை. ஊடகப் பரபரப்பு முதல் விற்பனையைத் தரும். இரண்டாம் விற்பனையைச் சுவையும் விலையும்தான் தரும்.

#10 அவரைக்கொடி

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நிறுவனப் பொருளைவிட, இணையத்தில் ஆட்களே கண்டுபிடித்துப் பரப்பிய விஷயங்கள் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. முட்டைக்குப் பதிலாகக் கடலைத் தண்ணீரைப் பயன்படுத்தும் அக்குவாஃபாபா நல்ல உதாரணம். 2014இல் ஃபிரான்சில் ஜோயல் ரோசெல் கொண்டைக்கடலை டின் தண்ணீர் நுரைக்கும் என்று காட்டினார், 2015இல் கூஸ் வோல்ட் அதையும் சர்க்கரையையும் வைத்தே மெரெங் (வழக்கமாக முட்டை வெள்ளைக்கருவை நுரைத்துச் செய்யும் இனிப்பு) செய்து காட்டினார். காப்புரிமை கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் அளவுகளைச் சரிபார்த்தார்கள்.

#11 கடைசிப்பெஞ்சு

அது நுரைக்கவே மாட்டேன் என்கிறதே, என்ன காரணம்?

#12 அவரைக்கொடி

பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

நீர் நீர்த்துப்போயிருக்கும். டின் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போல் விரலில் வழுவழுப்பாக ஒட்ட வேண்டும். இல்லையென்றால் சிறு தீயில் மூன்றில் ஒரு பங்கு சுண்டவைத்து, முழுதாக ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். வீட்டில் வேகவைத்த கடலையின் தண்ணீரென்றால் அதிலேயே ஓர் இரவு ஊறவிட்டு வடியுங்கள், ஸ்டார்ச்சும் புரதமும் அப்போதுதான் போதுமான அளவு இறங்கும்.

கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கைப் பிடித்துவைத்திருக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி எடுத்து, வினிகர் தொட்டுத் துடையுங்கள்.

அடிக்கும் நேரம் போதவில்லை. மின் விஸ்க்கில் 5 முதல் 10 நிமிடம். ஒரு டின் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் (நுரையை நிலைக்கவைக்கும் அமிலப் பொடி).

சர்க்கரையை மொத்தமாகக் கொட்டியது. மென்நுரை வந்த பிறகு ஒவ்வொரு கரண்டியாகப் போடுங்கள்.

மாற்று அளவு: ஒரு முழு முட்டைக்கு 3 மேசைக்கரண்டி, வெள்ளைக்கரு மட்டும் என்றால் 2. ஒன்று நினைவிருக்கட்டும், இதில் புரதம் மிகக் குறைவு. முட்டையின் வேலையைச் செய்யும், முட்டையின் சத்தைத் தராது.

#13 நெறியாளர்

சமையல் கேள்விகளைச் சமையல் பகுதியில் தொடருங்கள். இழை கேன்டீனுக்குத் திரும்பட்டும்.

#14 பந்திக்கணக்கு

வெயிலோன், உங்கள் மூன்றாவது கட்சி பக்கம்தான் ஆதாரம் கனமாக இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கேன்டீன்களில் கார்னெட் குழு செய்த ஆய்வு, 2019இல் வெளியானது. 94,000க்கு மேல் சாப்பாடுகள். நான்கு வகையில் ஒன்று சைவம் என்றிருந்ததை இரண்டாக்கியதும் சைவ விற்பனை 41 முதல் 79% வரை கூடியது. மொத்த விற்பனை விழவில்லை. அறிவிப்பு கிடையாது, பிரச்சாரமும் கிடையாது. வழக்கமாக இறைச்சி எடுப்பவர்களிடம்தான் மாற்றம் அதிகம். இது சைவம், வீகன் அல்ல என்பதை மறக்க வேண்டாம், ஆனால் இயங்கும் முறை ஒன்றுதான்.

அதே குழு அடுத்த ஆண்டு வரிசையையும் பார்த்தது. சைவத்தை வரிசையில் முதலில் வைத்தால் கூடுதலாக எடுப்பார்களா? இரண்டு தட்டுகளுக்கு இடையே 181 செ.மீ. இருந்த இடத்தில் ஆம். 85 செ.மீ. இருந்த இடத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்தால் முதலில் வைப்பதால் லாபம் கிடையாது. உங்கள் பரிமாறும் மேசையை அளந்து பாருங்கள்.

முன்கூட்டியே பதிவு செய்யும் சாப்பாடென்றால் இன்னும் எளிது. டென்மார்க்கில் மூன்று மாநாடுகளில் பதிவுப் படிவத்தை மட்டும் மாற்றினார்கள். சைவம் இயல்பு, இறைச்சி வேண்டுபவர் எழுதிக் கேட்க வேண்டும். முன்பு 2, 6, 12.5% எடுத்த சைவத்தை 86 முதல் 89% பேர் எடுத்தார்கள். நியூயார்க் நகர அரசு மருத்துவமனைகள் 11இல் 2022 முதல் இதே முறை: முதலில் சொல்லும் உணவு தாவர உணவு, வேண்டாமென்றால் இரண்டாவதும் தாவர உணவு, அதுவும் வேண்டாமென்றால்தான் மற்றது. பாதிக்கு மேற்பட்டோர் ஏற்றுக்கொள்கிறார்கள். இறைச்சி கேட்டவருக்கு மறுப்பு கிடையாது என்பதால்தான் இது நிலைத்தது. தடை போட்டிருந்தால் அடுத்த நாளே செய்தியாகியிருக்கும்.

இனி அடுப்படியில் எங்கே கெடும் என்று பார்ப்போம்.

புரதம் போடாமல் காய்கறியை மட்டும் தட்டில் வைப்பதுதான் முதல் தவறு. மூன்று மணிக்குப் பசிக்கும், "வீகன் வயிற்றுக்குப் போதாது" என்று பெயர் வரும். ஒரு தட்டுக்கு 20 கிராம் புரதம் இலக்கு. வெந்த பருப்பு, கடலை வகை 100 கிராமில் 8, 9 கிராம்தான் வரும், ஆகவே 220 முதல் 250 கிராம் வரை. கெட்டியான டோஃபு 100 கிராமில் 12 முதல் 17. உலர்ந்த சோயா உருண்டையில் பாதி எடை புரதம், 40 கிராம் போதும். காய்கறியில் கலோரி அடர்த்தி குறைவு, எனவே தட்டின் எடை இறைச்சித் தட்டைவிடக் கூட வேண்டும். அதே கரண்டியால் அள்ளினால் குறையும்.

இரண்டாவது, முதல் வாரமே பயறு வகையைக் குவிப்பது. நார்ச்சத்து திடீரென்று ஏறினால் வயிறு ஊதும். முதல் வாரம் டோஃபு, தோல் நீக்கிய பருப்பு. முழுப் பயறு இரண்டாம் வாரத்திலிருந்து.

மூன்றாவது, ஒளிந்திருக்கும் பொருள்கள். மார்ஜரினில் பால்திடம், சூப் கட்டியில் கோழிக் கொழுப்பு, சாஸில் மீன், ரொட்டியில் பால்பொடி, நூடுல்ஸில் முட்டை. பொட்டலத்தில் ஈ (E) எண்ணாக வரும் சேர்பொருள்களில் ஈ120 பூச்சிச் சிவப்பு, ஈ904 அரக்கு. ஜெலட்டினையும் பாருங்கள். கொழுப்பிலிருந்து எடுக்கும் ஈ471 தாவரமாகவும் இருக்கும், விலங்காகவும் இருக்கும், சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சப்ளையர் பிராண்டை மாற்றினால் மறுபடி கேளுங்கள். கோளாறு அதிகம் வருவது அந்த மாற்றத்தில்தான்.

நான்காவது, பன்னிரண்டரை மணிக்கே தீர்ந்துபோவது. முதல் நாள் 25, 30% தட்டுகளுக்குச் சமைத்து, இருபது நிமிடத்தில் முடியும் இரண்டாம் ஈடு ஒன்றைத் தயாராக வையுங்கள். கடைசியில் வருபவர்கள்தான் விருப்பமில்லாமல் இறைச்சிக்கோ வெறும் சாதத்துக்கோ போவார்கள்.

#15 வெயிலோன்

மிகவும் பயன். பலகையில் "வீகன்" என்று எழுதலாமா, கூடாதா?

#16 தராசுமுள்

பெரிதாக எழுதாதீர்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட சோதனையில் 7,341 பேருக்கு இரண்டு பரிசுக் கூடை காட்டினார்கள், ஒன்று இறைச்சியும் பாலும் இல்லாதது. அதற்கு "வீகன்" என்று பெயரிட்டபோது 20% பேர் அதை எடுத்தார்கள். "தாவர அடிப்படை" என்றபோது 27%. "ஆரோக்கியமானது", "சூழலுக்கு உகந்தது" என்றபோது 42 முதல் 44%. கூடைக்குள் இருந்தது ஒன்றேதான்.

மெனுவில் தனிப் பெட்டி கட்டி "வீகன் பகுதி" என்று ஒதுக்குவதும் அப்படித்தான். மற்றவர்கள் அந்தப் பெட்டியைப் படிக்காமலே தாண்டுவார்கள்.

#17 செந்நாரை

இங்கே எனக்கு உடன்பாடில்லை. வீகனாகவே வாழ்பவர் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நின்று விசாரிக்க வேண்டுமா? வார்த்தையை மறைத்து மறைத்து விற்றால், எதற்காக இதெல்லாம் தொடங்கியதோ அந்தக் காரணமே காணாமல் போகும். 2020இல் பிரிட்டனில் ஒரு வேலைத் தீர்ப்பாயம் நெறிசார்ந்த வீகனியத்தைச் சட்டப் பாதுகாப்புள்ள நம்பிக்கையாக ஏற்றது. அந்த இடத்துக்கு வந்தது சந்தைக் கூடையால் அல்ல, கொள்கையை வெளிப்படையாகப் பேசியதால்.

பண்ணைக்குள் ஒளிப்பதிவு செய்ததைக் குற்றமாக்க அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 2014இல் சட்டம் போட்டது, அடுத்த ஆண்டே கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓட்ஸ் பால் குடிப்பவருக்காக யாரும் அந்த வழக்கை நடத்தவில்லை.

#18 பந்திக்கணக்கு

இரண்டும் முடியும். பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் உணவின் பெயர், சுவை, மசாலா, பக்குவம். ஓரத்தில் சிறு சின்னம், கீழே மூலப்பொருள் வரி. தேடுபவர் கண்டுபிடிப்பார், தேடாதவர் முகம் சுளிக்க மாட்டார். "இறைச்சியற்ற" என்ற சொல்லை மட்டும் தவிருங்கள், இல்லாததைச் சொல்லி எதையும் விற்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: வீகன் சின்னம் ஒவ்வாமை உறுதி அல்ல. அதே எண்ணெய்ச் சட்டியில் முட்டை போட்ட பண்டம் பொரித்திருந்தால், பால், முட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. "பால் தடயம் இருக்கலாம்" என்ற வரியும் வீகன் சின்னமும் ஒரே பொட்டலத்தில் இருப்பது முரண்பாடு அல்ல. முதலாவது தற்செயல் கலப்பு பற்றியது, இரண்டாவது செய்முறை பற்றியது. பரிமாறுபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

#19 மருந்துச்சீட்டு

31 நாளோடு நிறுத்துபவருக்கு வைட்டமின் பி12 கவலை இல்லை, கல்லீரல் இருப்பு பல மாதம் தாங்கும். தொடர்பவர்களுக்கு அதே இருப்புதான் வினை. இரண்டு மூன்று ஆண்டு ஒன்றும் தெரியாது, பிறகு கை கால் மரத்துப்போகும். வீகன் உணவில் ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) ஏராளம் என்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல், நரம்புப் பாதிப்பு முந்திக்கொள்ளவும் கூடும்.

வீகன் சொசைட்டி சொல்லும் மூன்று வழி: செறிவூட்டிய உணவில் நாளுக்கு 3 மைக்ரோகிராம், பல வேளைகளாகப் பிரித்து. அல்லது தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை. அல்லது வாரம் ஒருமுறை 2,000. கணக்கு ஏன் இப்படித் தாவுகிறது? குடலில் உள்ளகக் காரணி (பி12ஐ உறிஞ்ச உதவும் புரதம்) ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் ஏற்றும். அதற்கு மேல் உள்ளதில் ஏறத்தாழ 1%தான் தானாக ஊறி உள்ளே போகும். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி வடிவம், அதை நம்ப வேண்டாம்.

எலும்பு விஷயம் மேலே வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாவரப் பால் வாங்கும்போது 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவில் ஆர்கானிக் முத்திரை உள்ளவற்றில் வைட்டமினோ கால்சியமோ சேர்க்க விதி அனுமதிப்பதில்லை, நல்லதென்று நினைத்து அதை வாங்குபவர் வெறும் ஓட்ஸ் தண்ணீர் வாங்குகிறார். கேன்டீனில் பெரிய பெட்டியிலிருந்து ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், கால்சியம் அடியில் படிந்துவிடும். அயோடினும் வைட்டமின் டியும் தனியாகப் பார்க்க வேண்டியவை. தவிர, டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது, லைக்கனிலிருந்து (பாறை, மரங்களில் படரும் பாசிக்காளான்) எடுத்ததென்று குறிப்பிட்டதை வாங்குங்கள்.

#20 செந்நாரை

உறுதிமொழி, மெயில் கட்சிக்கு ஒரு குறிப்பு. ஃபானலிட்டிக்ஸ் என்ற விலங்குநல ஆய்வு அமைப்பின் 2014 ஆய்வில், வீகனாக மாறியவர்களில் 70% பேர் பிறகு விட்டுவிட்டதாகத் தெரிந்தது. சைவத்தை விட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால், விட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள், பாதிக்கு மேல் ஓராண்டுக்குள். துணை இல்லாமை, தனித்துத் தெரிவது பற்றிய கூச்சம், பி12 கவனிக்காதது எல்லாம் அடிக்கடி வந்தன.

எனவே மெயில்களை ஊக்க வாசகமாக நிரப்பாதீர்கள். தொடங்கும் முன் வாங்கவேண்டிய பட்டியல். மூன்றாம் நாள் பசி, புரதம். முதல் வார முடிவில் பி12. பத்தாம் நாள் வெளியில் சாப்பிடுவது எப்படி. இருபதாம் நாள் சலிப்பு வரும், அப்போது புதுச் சமையல் தராதீர்கள், ஏற்கெனவே பிடித்ததைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். கடைசி மெயிலில் "வீகனாகத் தொடர்வீர்களா, ஆம் / இல்லை" என்று கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை வேளை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள்.

#21 தராசுமுள்

அளவெடுப்பும் முன்பே தொடங்க வேண்டும். முயற்சிக்கு முன் இரண்டு வாரம் தட்டு எண்ணிக்கை, வகைவாரியாக. அதே மெனுச் சுழற்சியில் எண்ணுங்கள், இல்லையென்றால் பிரியாணி நாளும் சாம்பார் நாளும் கலந்து ஒன்றும் புரியாது. முயற்சி முடிந்த பிறகு நான்கு வாரம் கழித்து மறுபடி இரண்டு வாரம். மீதித் தட்டை எடை போடுங்கள், எடுத்துவிட்டுக் கொட்டுவது விற்பனைக் கணக்கில் தெரியாது.

கணக்கெடுப்பை மேடையில் அறிவிக்கும் எண்ணோடு கலக்காதீர்கள். வீகனுவரியே முன்பு பதிவானவர்களைச் சொன்னது, 2024இல் கருத்துக்கணிப்பை வைத்து உலக அளவில் சுமார் 2.5 கோடி என்றது. இரண்டையும் ஒரே கோட்டில் வரைபவர்களை இணையம் முழுக்கப் பார்க்கலாம்.

#22 வெயிலோன்

மேசையை அளந்தாயிற்று, இரண்டு தட்டுகளுக்கு இடையே 70 செ.மீ. அப்படியானால் வரிசையை விட்டுவிட்டு, நான்கில் இரண்டாக்குவதில் இறங்குகிறோம். படம் கடைசி வாரத்துக்குப் போகிறது, கட்டாயமில்லை. ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டிதான் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

#23 பந்திக்கணக்கு

இரண்டாவது சட்டி கிடைக்கும்வரை பொரித்த வீகன் பண்டமே வேண்டாம். ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் சுடுங்கள், தட்டை முதலிலேயே காயவைத்து, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு. நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து சொதசொதவென்று ஆகிவிடும்.